ஜப்பான் மூழ்கும் கப்பலா என்று கேட்ட அண்ணனுக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கேட்டவரின் தங்கை நர்சிங் டிப்ளமோ முடித்தவர், ஜப்பானிய மொழித் தேர்வில் என்4, அதாவது ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவது, தேறிவிட்டார். அங்கே முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அண்ணன் மட்டும் யூடியூபில் உட்கார்ந்து பயந்துபோயிருக்கிறார். ஜப்பான் முப்பது வருடமாக முடங்கிக் கிடக்கிறது, குழந்தையே பிறப்பதில்லை, ஜெர்மனி முந்திவிட்டது, யென் விழுந்துவிட்டது, வெளியாட்களை அவர்களுக்குப் பிடிக்காது என்று ஒரே பட்டியல். "மூழ்குகிற கப்பலில் தங்கையை ஏற்றி அனுப்புகிறோமா?" என்று முடித்திருக்கிறார். ஜப்பானுக்கு உலகத்தில் எத்தனையாவது இடம் என்பது அவருடைய கவலை இல்லை என்று நினைக்கிறேன். ஒரு பெண் தன் இளமையில் பத்து வருடத்தை ஒரு நாட்டிடம் கொடுக்கப்போகிறாள், அந்த நாடு பதிலுக்கு என்ன தரும் என்பதுதான் கவலை. அப்படி எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஜப்பானில் பதினாறு வருடம் இருந்தேன். முதலில் நகோயா பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பு வேலை. கடைசிச் சில வருடங்கள், பராமரிப்பு இல்லங்களுக்கு வந்த இந்தியப் பிள்ளைகளுக்கு மொழிப் பயிற்சி. இப்போது சென்னையில் பாடம் நடத்துகிறேன். பொருளாதாரம் படித்த ஆள் இல்லை. அதனால் என்ன நடந்தது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஏன் நடந்தது என்பதில் படித்தவர்களே அடித்துக்கொள்கிற இடம் வந்தால் அதையும் சொல்லிவிடுவேன்.

சரிந்த கதையிலிருந்தே தொடங்கலாம். 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகள் உட்கார்ந்து டாலரின் மதிப்பை இறக்க ஒப்புக்கொண்டன. அப்போது ஒரு டாலருக்கு 240 யென்னை ஒட்டி இருந்தது, இரண்டே வருடத்தில் 150-க்கும் கீழே வந்துவிட்டது. ஏற்றுமதி அடிபடுமே என்று ஜப்பான் வங்கி (நம் ரிசர்வ் வங்கி மாதிரி) வட்டியைக் குறைத்தது. மலிவாகக் கிடைத்த கடன் நிலத்துக்கும் பங்குக்கும் பாய்ந்தது. 1989-இல் சோனி கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது, மிட்சுபிஷி எஸ்டேட் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் பெரும்பங்கை வாங்கியது. அமெரிக்காவையே ஜப்பான் வாங்கிவிடும் என்று பேசிய காலம் அது. அந்த டிசம்பர் 29-ஆம் தேதி டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915-இல் முடிந்தது. அதே எண்ணைத் திரும்பத் தொட 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 34 வருடம்! அப்பா வாங்கிய பங்கு, மகன் கல்யாணம் முடிந்து பேரன் பள்ளிக்கூடம் போகும்போது பழைய விலைக்கு வருகிறது.

இதுவரை சொன்னதில் யாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. ஏன் இத்தனை காலம் எழவில்லை என்பதில்தான் சண்டை. ஜப்பான் வங்கி வட்டியை 2.5 சதவீதத்திலிருந்து 6-க்குச் சடசடவென்று ஏற்றி நெஞ்சிலேயே மிதித்துவிட்டது, பிறகு இறக்கும்போது ஆமை வேகம் என்பார்கள் சிலர். வங்கிகள் வாராக்கடனை மூடி மறைத்து, செத்த கம்பெனிகளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தன என்பார்கள் வேறு சிலர். உழைக்கும் வயதுள்ளவர்கள் எண்ணிக்கை 1990-களின் நடுவிலிருந்தே குறைய ஆரம்பித்துவிட்டது, தலைக்கு இவ்வளவு உற்பத்தி என்று கணக்குப் போட்டால் அவ்வளவு மோசமில்லை என்று ஒரு கட்சி. மூன்றிலும் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. எதற்கு எத்தனை பங்கு என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

முடங்கிக் கிடந்தது என்றால் வாழ்க்கையில் அது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு ஐஸ் குச்சியைச் சொல்கிறேன். காரிகாரிகுன் என்று ஒரு நீல நிற சோடா ஐஸ், ஜப்பானியக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரியும். நம்மூர்ப் பால் ஐஸ், சேமியா ஐஸ் மாதிரி. 25 வருடம் அதன் விலை 60 யென்னிலேயே நின்றது. 2016 ஏப்ரலில் 70 யென் ஆக்கினார்கள். அதற்கு அந்தக் கம்பெனி ஒரு டிவி விளம்பரம் போட்டது. மேலதிகாரிகளும் ஊழியர்களும் வரிசை கட்டி நின்று, கேமராவைப் பார்த்து அப்படியே குனிந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். பத்து யென்னுக்கு! நான் பார்த்துச் சிரித்தேன், கூட இருந்த ஜப்பானிய நண்பர் சிரிக்கவில்லை. "என் சம்பளமும் அந்த ஐஸ் மாதிரிதான்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதில்லை அது. பட்டதாரி வேலைக்குச் சேர்ந்தால் மாதம் 2 லட்சம் யென்னை ஒட்டித் தொடக்கச் சம்பளம். 1990-களின் நடுவிலும் அதுதான், 2015-இலும் ஏறக்குறைய அதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை விஷயம் இதில்தான் இருக்கிறது. 1997 நவம்பரில் ஹொக்காய்டோ தகுஷோக்கு வங்கி விழுந்தது. அடுத்த சில நாளில், நூறு வருடப் பழமையான யமாயிச்சி பங்கு நிறுவனம் கடையை மூடியது. அதன் தலைவர் பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதுகொண்டே "தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் தப்பில்லை" என்று சொன்ன காட்சியை அந்தத் தலைமுறை மறக்கவே இல்லை. ஒரு நாட்டில் இப்படி வங்கிகள் சரிந்தால் வேலையில்லாத் திண்டாட்டம் பத்து, பன்னிரண்டு சதவீதம் என்று எகிற வேண்டும். ஜப்பானில் 2002-இல்கூட 5.5 சதவீதத்தோடு நின்றுவிட்டது. எப்படி? உள்ளே இருந்தவர்களை முடிந்தமட்டும் வெளியே அனுப்பவில்லை. அதற்குப் பதிலாகக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாத்திய கதவுக்கு வெளியே நின்றது யார் என்றால், அப்போது கல்லூரி முடித்த பிள்ளைகள். ஜப்பானில் பெரிய கம்பெனிகள் வருடத்துக்கு ஒரு முறை, புதிதாகப் படித்து முடிப்பவர்களை மொத்தமாக எடுத்து ஏப்ரல் 1-ஆம் தேதி சேர்த்துக்கொள்ளும். அந்த ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் கிடையாது. அடுத்த வருடம் அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கு. ரெக்ரூட் நிறுவனம் எடுக்கிற கணக்குப்படி, 1991-இல் படித்து முடித்தவர்களில் ஒருவருக்கு 2.86 வேலைகள் காத்திருந்தன, 2000-இல் 0.99. சுமார் 1993 முதல் 2005 வரை படித்து முடித்தவர்களை 'ஹியோகாகி' தலைமுறை என்பார்கள், பனியுகம் என்று அர்த்தம். அதே காலத்தில், 1999-லும் 2004-லும், ஆட்களை ஒப்பந்தத்துக்கு அனுப்பும் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். நகோயாவில் எனக்குக் கன்வேயரில் நின்று வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படி ஒருவர். நல்ல பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். நாற்பது வயதிலும் நிரந்தரம் கிடையாது, போனஸ் கிடையாது, கல்யாணம் ஆகவில்லை. அவருக்கு எதிரே, அதே வேலையைச் செய்கிற ஐம்பத்தைந்து வயது நிரந்தர ஊழியர். இரண்டு பேரும் ஒரே கேன்டீனில் ஒரே சோறுதான் சாப்பிடுவார்கள், கழுத்தில் தொங்குகிற அட்டையின் நிறம் மட்டும் வேறு. இன்றும் ஜப்பானில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் 37 சதவீதத்தை ஒட்டி நிரந்தரமில்லாதவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆகவே கப்பல் மூழ்குகிறதா என்று கேட்டால், மூழ்கவில்லை என்பேன். தண்ணீர் உள்ளே வந்தது உண்மை. கீழ்த்தளத்தில் இருந்தவர்களை நனையவிட்டு மேல்தளத்தைக் காயவைத்துக்கொண்டார்கள். ரயில் நொடி பிசகாமல் ஓடியது, தெரு சுத்தமாக இருந்தது, 1961-இல் கொண்டுவந்த எல்லாருக்குமான மருத்துவக் காப்பீடு நின்றுபோகவில்லை. வெளியிலிருந்து போகிறவனுக்கு நெருக்கடி கண்ணிலேயே படாது. அதற்கான செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். முதலில் பெண்கள், அப்புறம் அந்தப் பனியுகப் பிள்ளைகள். இப்போது அந்தக் கீழ்த்தளத்துக்குத்தான் வெளிநாட்டிலிருந்து ஆள் கேட்கிறார்கள். உங்கள் தங்கைக்கு வந்திருக்கிற கடிதத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

குழந்தை பிறக்காத கதையும் இதோடு ஒட்டியதுதான். 1971 முதல் 1974 வரை ஜப்பானில் வருடத்துக்கு 20 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் முப்பதை எட்டும்போது இன்னொரு குழந்தை அலை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. அந்தத் தலைமுறைதான் பனியுகத்தில் மாட்டியது. வேலை நிரந்தரமில்லாததால் மட்டும்தான் கல்யாணம் தள்ளிப்போனதா என்பதில் சர்ச்சை உண்டு. கொரியாவிலும் தைவானிலும் வேறு வரலாறு, அங்கேயும் குழந்தை குறைந்துதான் போனது. 2024-இல் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 6,86,061. ஒரு பெண்ணுக்கு 1.15 குழந்தை. நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம், தமிழ்நாட்டிலேயே 2020 கணக்குக்கு 1.4 தான்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. அறுபது வருடச் சுழற்சியில் 'நெருப்புக் குதிரை' என்று ஒரு வருடம் வரும். அந்த வருடம் பிறக்கும் பெண் புருஷனைத் தின்றுவிடுவாள் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லி எத்தனை ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், அதேதான். 1965-இல் 18 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 1966-இல் 13.6 லட்சம்தான், அதற்கடுத்த வருடம் 19 லட்சத்துக்கு மேல். புல்லட் ரயில் விட்டு இரண்டு வருடம் ஆன நாடு அது! அதற்கடுத்த நெருப்புக் குதிரை வருடம் 2026.

முதியோர் பக்கம் வருகிறேன். மக்கள்தொகையில் 29 சதவீதம் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். முன்பெல்லாம் படுத்துவிட்ட மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டது யார் என்றால் மருமகள். சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, நன்றிகூட இல்லை. 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 40 வயதிலிருந்து எல்லாரும் பிரீமியம் கட்ட வேண்டும். பாதிப் பணம் அதிலிருந்து, பாதி அரசின் வரிப்பணம். வயதானவரை அதிகாரிகள் வந்து பார்த்து, உதவித் தேவை 2 படி, பராமரிப்புத் தேவை 5 படி என்று ஏழில் ஒன்றில் வைப்பார்கள். அந்தப் படிக்கு ஏற்ற சேவை கிடைக்கும், பயனாளி கையிலிருந்து பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குதான். நவீன ஜப்பானின் பெரிய சாதனை எது என்று கேட்டால், பலர் புல்லட் ரயிலைச் சொல்வார்கள். நான் இதைச் சொல்வேன். மருமகள் தலையிலிருந்த பாரத்தை நாடு தன் தலைக்கு மாற்றிக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. மாற்றிக்கொண்ட பிறகுதான் தூக்க ஆள் போதவில்லை என்று தெரிந்தது. 2040-இல் 27 லட்சம் பராமரிப்பு ஊழியர்கள் வேண்டும் என்பது அந்நாட்டு சுகாதார அமைச்சகத்தின் கணக்கு. 2022-இல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 5.7 லட்சம் பேர் கூடுதல். உங்கள் தங்கைக்கு வேலை இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். தோஹோக்குவில், வடக்கே பனி கொட்டும் ஒரு சின்ன ஊர் இல்லத்தில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், கெட்டிக்காரி. இரவுப் பணியில் ஒரு பாட்டி மணியடித்துக் கூப்பிட்டு "கொவாய், கொவாய்" என்றிருக்கிறார். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குப் பயம் என்று அர்த்தம். கெட்ட கனவு கண்டிருப்பார் என்று இவளும் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, நான் இருக்கேன் பாட்டி என்று தேற்றியிருக்கிறாள். பாட்டி தலையாட்டிவிட்டு மறுபடியும் "கொவாய்" என்கிறார். அந்த வட்டாரப் பேச்சில் கொவாய் என்றால் உடம்பு முடியவில்லை, ஒரே அசதி என்று அர்த்தம். காலை ஏழு மணிக்குப் பொறுப்பு மாற்றும்போதுதான் உள்ளூர் ஊழியர் கேட்டுவிட்டுத் தெர்மாமீட்டர் வைத்தார், 38.4 டிகிரி செல்சியஸ், நல்ல காய்ச்சல். பாட்டி பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண்தான் மூன்று நாள் அழுதாள். அவளை யாரும் திட்டவில்லை. குறிப்பேட்டில் மட்டும் ஒரு வரி ஏறியிருந்தது. அங்கே திட்டுவதைவிட அது அதிகம் சுடும். தெரிவி, தொடர்புகொள், ஆலோசனை கேள் என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஹோரென்ஸோ' என்பார்கள், கேட்பதற்குப் பசலைக்கீரை மாதிரி ஒலிக்கும். நான் நடத்திய முதல் வகுப்பிலிருந்தே அதைச் சொல்லித்தான் கொடுத்தேன். புரியாத சொல்லைப் பாட்டியிடமிருந்து கேட்டால், சின்ன விஷயம் என்று நினைத்தாலும் கூட இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்தான். கெட்டிக்காரிகளுக்குத்தான் இந்தத் தப்பு நடக்கும், அர்த்தம் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

வெளியாட்களைப் பிடிக்காதா என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் இல்லை. சட்டம் எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்கிறேன். 1990-இல் சட்டத்தைத் திருத்தி, பிரேசிலுக்குக் குடியேறிய ஜப்பானியரின் வாரிசுகளைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டார்கள். 2009 நெருக்கடியில் அவர்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் யென் கொடுத்து, ஊருக்குப் போய்விடுங்கள், இதே விசாவில் திரும்ப வராதீர்கள் என்றார்கள். 1993-இல் 'தொழில்நுட்பப் பயிற்சி' என்ற பெயரில் ஒரு திட்டம். பயிற்சி என்பது பெயருக்கு, நடந்தது கூலி வேலை, முதலாளியை மாற்ற முடியாது. கெட்ட பெயர் எடுத்து, இப்போது 2027-இல் அதற்குப் பதிலாக வேறு திட்டம் வருகிறது. 2019 ஏப்ரலில் 'குறிப்பிட்ட திறன்' விசா வந்தது, 2021 ஜனவரியில் இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தம். உங்கள் தங்கை போவது அதில்தான் இருக்கும், விசாவின் பெயரை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2024 கடைசியில் ஜப்பானில் வசித்த வெளிநாட்டவர் 37 லட்சத்துக்கு மேல், மக்கள்தொகையில் 3 சதவீதம். இத்தனைக்குப் பிறகும் "இது குடியேற்றக் கொள்கை இல்லை" என்றுதான் அரசு சொல்லிவந்திருக்கிறது. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில், ஜப்பானியருக்கே முதலிடம் என்று கோஷம் போட்ட சான்செய்தோ கட்சிக்கு 14 இடம் கிடைத்தது. தெருவில் உங்களை யாரும் அடிக்க வரப்போவதில்லை. வாடகைக்கு வீடு தேடினால் வெளிநாட்டவர் வேண்டாம் என்று பணிவாகச் சொல்வார்கள், அது நடக்கும். அக்கம்பக்கத்தில் சுற்றுக்கு வரும் அறிவிப்புப் பலகையை அடுத்த வீட்டுக்கு ஒழுங்காகக் கொடுத்து, குப்பையைச் சரியான நாளில் சரியாகப் பிரித்து வைத்தால், ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டம்மா முள்ளங்கி கொண்டுவந்து தருவார். அதுவும் நடக்கும். அரசியல் எந்தப் பக்கம் சாயும் என்று இன்று யார் சொன்னாலும் அது ஆரூடம்தான்.

ஜப்பான் உலகத்தில் சின்னதாகிக்கொண்டு வருகிறதே என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அளவில் சுருங்கியது நிஜம்தான். பொருளாதார அளவில் 2010-இல் சீனா முந்தியது, 2023-இல் ஜெர்மனி. 1980-களின் கடைசியில் உலகச் சிப் விற்பனையில் பாதி அவர்களுடையது, இப்போது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். ஆனாலும் உயர்ரகச் சிப்புகள் உட்காரும் அடித்தட்டில் போடுகிற மின்காப்புப் படலம் ஒன்று உண்டு, அதை உலகத்துக்கே பெரும்பாலும் தருவது அஜினமோட்டோ கம்பெனி. ஃப்ரைட் ரைஸில் தூவுகிற அதே அஜினமோட்டோ. 2019-இல் மூன்றே மூன்று வேதிப்பொருள் ஏற்றுமதியை ஜப்பான் இறுக்கியதும் கொரியாவின் சிப் தொழிலே பதறிவிட்டது. கடைக்கு முன்னால் போர்டு மாட்டியிருந்தவர்கள், பின்னால் போய் மாவு அரைத்துக் கொடுக்கிறார்கள். எண்ணெய் வற்றிய விளக்கு என்று இதைச் சொல்ல மாட்டேன்.

அரசியலில் அவர்கள் முன்னைவிட வெளியே வந்திருக்கிறார்கள். போரில் தோற்ற நாட்டை 1951 சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்போது, இலங்கையின் சார்பில் பேசிய ஜெ. ஆர். ஜெயவர்த்தனா, பகை பகையால் தீராது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, தங்களுக்கு இழப்பீடு வேண்டாம் என்றார். ஜப்பானில் வயதானவர்கள் இதை இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள், நான் தமிழ் பேசுகிறவன் என்றதும் இலங்கையா என்று கேட்டு இதைச் சொன்னவர்கள் உண்டு. மறுபக்கம், சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியப் படை கொண்டுபோன மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். அதில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒரே கணக்கு கிடையாது. அந்தப் பாதை என்றாலே வெள்ளைக்காரக் கைதிகள்தான் பேச்சில் வருவார்கள். நான் பேசிப்பார்த்த ஜப்பானியர்களில் தமிழர்கள் அங்கே இறந்தது தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

போருக்குப் பிறகு நாற்பது வருடம், போரே வேண்டாம் என்று சொல்லும் அரசியல் சாசனத்தின் 9-ஆவது பிரிவைக் காட்டி, அமெரிக்கக் குடைக்குக் கீழே வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1991 வளைகுடாப் போருக்கு ஆள் அனுப்பாமல் 1,300 கோடி டாலர் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் குவைத் அமெரிக்கப் பத்திரிகைகளில் நன்றி விளம்பரம் போட்டது, அந்தப் பட்டியலில் ஜப்பான் பெயரே இல்லை. மொய் எழுதியவன் பெயரை நோட்டில் விட்ட மாதிரி. அந்த அவமானம் அவர்களுடைய வெளியுறவுத் துறையை ரொம்ப நாள் உறுத்தியது. மறு வருடமே அமைதிப்படைச் சட்டம், கம்போடியாவுக்குப் படை. 2015-இல் நட்பு நாட்டுக்காகவும் ஆயுதம் எடுக்கலாம் என்ற சட்டம், 2022 டிசம்பரில் பாதுகாப்புச் செலவை 2027-க்குள் ஜிடிபியில் 2 சதவீதம் ஆக்கும் முடிவு. 2007 ஆகஸ்டில் அப்போதைய ஜப்பான் பிரதமர் அபே நம் நாடாளுமன்றத்தில் இரண்டு பெருங்கடல்களின் சங்கமம் என்று பேசியதிலிருந்து, சீனாவுக்கு எதிர்நிறுத்த இந்தியா வேண்டும் என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. ஒகேனக்கல் குடிநீருக்கும் சென்னை மெட்ரோவுக்கும் அவர்கள் கடன் கொடுத்தது நமக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில், ஐந்து வருடத்தில் இரண்டு பக்கமுமாக 5 லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் 50,000 பேர் இந்தியாவிலிருந்து போகும் திறனாளர்கள் என்று ஒரு திட்டம் போட்டார்கள். உங்கள் தங்கையின் விசாவுக்குப் பின்னால் இந்தப் பெரிய கணக்கும் இருக்கிறது. அது சட்டென்று மாறாது என்பது என் அபிப்பிராயம்.

சரி, காசு. பராமரிப்பு வேலையில் தொடக்கச் சம்பளம் பிடித்தம் போவதற்கு முன் மாதம் 2 லட்சம் யென்னை ஒட்டி இருக்கும். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வரி, அறை வாடகை எல்லாம் போய் மிச்சம். 2012-இல் ஒரு யென் 65 பைசாவுக்கு மேல், 2024-இல் 55 பைசா சுமாருக்கு. ஊருக்கு அனுப்பும் பணம் அந்த அளவுக்குக் கரைந்திருக்கிறது. அங்கேயும் இப்போது விலைவாசி ஏறுகிறது. 2025 வசந்தத்தில் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியது, ஒரு வருடத்தில் இரட்டிப்பு. ஆதரவாளர்கள் கொடுப்பதால் நான் அரிசியே வாங்குவதில்லை என்று சொன்ன வேளாண் அமைச்சர் பதவியை விட்டு ஓட வேண்டியதாயிற்று. ஐந்து வருடம் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு வந்து வீடு கட்டுவது மட்டும்தான் திட்டம் என்றால், வளைகுடாவோடும் ஜெர்மனியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஜப்பான் ஜெயிக்காது.

அங்கேயே நிற்கும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. அவர் போகும் 'குறிப்பிட்ட திறன்' விசாவின் முதல் வகைக்குப் பொதுவாக ஐந்து வருடம் எல்லை, குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. அதற்குள் மூன்று வருட அனுபவமும் அதற்கான பயிற்சி வகுப்பும் முடித்து 'காய்கோ ஃபுகுஷிஷி' என்ற தேசியத் தேர்வில் தேறிவிட்டால், பராமரிப்பு என்றே தனி விசா. புதுப்பித்துக்கொண்டே போகலாம், கணவரையும் குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். நான் சொன்ன கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏற, சட்டம் வைத்திருக்கிற ஒரே நல்ல ஏணி இதுதான் என்பேன். தேர்வு ஜப்பானிய மொழியில், என்4-க்கு இரண்டு படி மேலே உள்ள என்2 அளவு இல்லாமல் கேள்வியே புரியாது. அதனால் ஏஜென்ட்டிடம் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். மாதம் எத்தனை இரவுப் பணி, சேர்ந்து எத்தனை மாதத்தில் தனியாக இரவுக்கு நிறுத்துவார்கள், அந்தப் பயிற்சி வகுப்புக்குப் பணம் யார் கட்டுவார்கள், அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற வெளிநாட்டவர் எத்தனை பேர் அந்தத் தேர்வில் தேறியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். டெபாசிட் கட்டச் சொன்னாலோ, நடுவில் விட்டால் அபராதம் என்று எழுதியிருந்தாலோ கையெழுத்து வேண்டாம், இந்த விசாவுக்கு அது விதிமீறல். இந்த விசாவில் அதே துறைக்குள் வேறு இல்லத்துக்கு மாறலாம் என்பதையும் தங்கைக்குச் சொல்லிவையுங்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்தால் கட்டிய ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விண்ணப்பித்து வாங்கலாம், கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. ஊர்ப் பெயர் தெரிந்ததும் அந்த ஊர்க் கிழவிகள் பேசுவதை யூடியூபில் தேடித் தினமும் அரை மணி நேரம் கேட்கச் சொல்லுங்கள். என்4 புத்தகத்தில் அது இருக்காது. வடக்கே என்றால் கொவாயிலிருந்து ஆரம்பிக்கட்டும்.